மாமா சாய்ந்த சுவர்

மாமா காலமாகி ஒரு மழைக்காலம் போன பிறகும் அவருடைய தலை மட்டும் வாவிப்பக்கத்து அறைச் சுவரில் இருந்தது. பயப்படாதீர்கள், எண்ணெய்க் கறைதான். என் மனைவியின் அப்பாவான அவர், தேங்காயெண்ணெய் வழிய வழியத் தலைவாரி, கட்டிலில் இருந்தபடி அந்தச் சுவரில் சாய்ந்துதான் பேப்பர் படிப்பார். பழைய சுண்ணாம்புச் சுவர் அவரது பின்மண்டையை அப்படியே வாங்கி வைத்திருந்தது. உற்றுப் பார்த்தால் காதுகளும் தெரியும்.

மாமி அங்கே படுப்பதை விட்டுவிட்டார். "அது என்னையே பாக்கிற மாதிரிக் கிடக்கு மகன். இப்பிடியெண்டா நான் கிரானில இருக்கிற தங்கச்சி வீட்ட போயிருவன்" என்றார். வீடோ அவருடைய சீதனம். நான் வந்து ஒட்டிய மருமகன். அவரை அனுப்பிவிட்டு நான் குந்தியிருந்தால் ஊர் சும்மா விடுமா? அறையைப் புதுப்பிக்க நானே இறங்கினேன். சுவர் பூச மேசனைக் கூப்பிடலாம் என்றாள் மனைவி. சித்திரப் போட்டியில் பரிசு வாங்கிய கை இது என்றேன். அது ஆறுதல் பரிசு என்பதை அவள் பெருந்தன்மையாகச் சொல்லாமல் விட்டாள்.

முதல் பெயின்ற் பூச்சு காய்ந்ததும் மாமா மெல்ல எட்டிப் பார்த்தார். இரண்டாவதில் இன்னும் தெளிவாக வந்தார். "அப்பாக்கு முகம் கழுவி விடுறீங்களோ?" என்றாள் மனைவி. சிரித்து வைத்தேன். ஆனால் கறைக்கு முதுகைக் காட்டி எதிர்ச்சுவருக்குப் பெயின்ற் அடிக்கையில், பின்கழுத்தில் வாவிக்காற்று விட்டுவிட்டுப் பட்டது. யன்னல் சாத்திக் கிடந்ததை ஏணியிலிருந்து இறங்கிய பிறகுதான் கண்டேன்.

கடைசியில் உளியால் அந்த இடத்தைச் செங்கல் தெரியக் கொத்தி, சீமெந்து பூசி, மேலே பெயின்ற் அடித்தேன். பல நாள் பொறுத்துப் பார்த்தோம். மாமா வரவில்லை.

ஒரு பின்னேரம் மாமி தலையணையோடு உள்ளே வந்தார். சுவரைத் தடவினார். தலையணையை மடியில் வைத்துக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"இப்ப பயமில்லத்தானே மாமி?"

"இல்ல மகன்." பிறகு கூச்சத்தோடு சொன்னார்: "பயந்து பயந்துதான் பகலில வந்து அவரோட கதைச்சிட்டுப் போவன். ஓமெண்டு சொல்லுவார். இனி ஆரோட கதைக்கிற?"

எதற்கும் ஒரு பகிடி கைவசம் வைத்திருப்பவன் நான். அன்று மெல்லக் கதவுப் பக்கம் நகர்ந்தேன். மாமி சுவரில் நெற்றியை வைத்து, "இஞ்சாருங்க" என்று மாமாவைக் கூப்பிட்டார். பிறகு காதைச் சாய்த்துக் காத்திருந்தார். பதில் வந்தால் ஓடுவதற்கு வசதியாகக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, வரவேண்டுமே என்று நானும் காத்திருந்தேன்.