கலவரம் என்றும் பயங்கரவாதம் என்றும்

பெற்றீசியா பல்லேகலயில் ஒரு தையல் தொழிற்சாலையில் சட்டைக்குக் கொலர் வைப்பவள். புருஷன் இல்லை. ஒரே மகள் அஷ்வினி கட்டுநாயக்கவில் வேலை செய்தாள். பக்கத்து வீட்டில் ஹபீலாவும் அவள் கணவன் ஸிபானும். ஸிபான் ஆட்டோ ஓட்டுபவன்.

2018 மார்ச்சில் திகனப் பக்கம் முஸ்லிம் வீடுகளைக் கொளுத்திக்கொண்டு கூட்டம் வந்தபோது, அந்தக் குடும்பம் பெற்றீசியாவின் படுக்கையறையில் ஒளிந்திருந்தது. ஹபீலா ஒரு அரபு ஓதல் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓதிக்கொண்டிருந்தாள். “இது கத்தோலிக்க வீடு” என்று பெற்றீசியா கேற்றடியில் நின்று சிங்களத்தில் கத்தினாள். கூட்டம் ஹபீலாவின் வீட்டை எரித்துவிட்டுப் போனது. ஸிபான் அதைத் திருத்திக் கட்டினான். பிடிபட்டவர்கள் பிணையில் வந்துவிட்டார்கள்.

அடுத்த வருடம் உயிர்த்த ஞாயிறன்று அஷ்வினி தோழிகளோடு நீர்கொழும்புக்குப் பூசைக்குப் போனாள். பூசை நடுவே ஒரு முஸ்லிம் இளைஞன் உடம்பில் கட்டிவந்த குண்டை வெடிக்கவைத்தான். சவப்பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று சொல்லித்தான் கொண்டுவந்து கொடுத்தார்கள். செத்த வீட்டுக்கு ஹபீலா வந்தாள். அவள் தலையில் கிடந்த துணியைப் பெற்றீசியா பார்த்தாள்.

“போயிரு. இங்க வராத.”

ஹபீலா திரும்பிப் போனாள்.

சில வாரங்களில் ஸிபானைப் பொலிஸ் கொண்டுபோனது. வீட்டில் அரபுப் புத்தகம் இருந்ததாம். “பிடிச்சிட்டாங்க” என்று ஆட்கள் வந்து பெற்றீசியாவிடம் நல்ல செய்தி போலச் சொன்னார்கள். எந்தப் புத்தகம் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டதும் அவள் பொலிஸுக்குப் போனாள்.

“சேர், அது அவங்க ஓதுற புத்தகம். என் வீட்டுலயே வச்சு ஓதினாங்க.”

“உன் மகளைக் கொன்றவர்களுக்காகவா பேச வந்தாய்?” அதிகாரி சிங்களத்தில் கேட்டார்.

“கொன்னவன் அங்கயே செத்துட்டான் சேர். சொர்க்கம் கெடைக்கும்னு செஞ்சானாம். இவரு ஸ்கூல் பிள்ளைகள ஏத்திட்டுப் போறவரு.”

“இது பயங்கரவாதம். இதற்குச் சட்டம் வேறு.”

“அப்ப இவங்க வீட்டக் கொளுத்தினது? அவங்களும் மதத்தக் காப்பாத்துறோம்னு கத்திக்கிட்டுத்தானே வந்தாங்க?”

“அது கலவரம்.”

அதற்குப் பிறகு கோயில் பூசையில் அவள் உட்காரும் நீள வாங்கில் அவளோடு யாரும் உட்காரவில்லை.

ஒரு வருடத்துக்கு மேல் அடைத்துவைத்துவிட்டு, வழக்கே போடாமல் ஸிபானை விட்டார்கள். வந்தபோது அவனுக்கு ஒரு காது கேட்கவில்லை. பெற்றீசியா பார்க்கப் போனபோது ஹபீலா கேற்றைத் திறக்கவில்லை.

“நீங்க பொலிஸுக்குப் போனது தெரியும் அக்கா. அல்லாஹ் நல்லத தரட்டும். ஆனா அண்டைக்கி செத்த வீட்டுல என்ட மூஞ்சில நீங்க யாரப் பாத்தீங்க?”

பெற்றீசியா திரும்பிப் போனாள். கொஞ்ச நாளில் அவர்கள் முஸ்லிம்கள் அதிகம் உள்ள அக்குறணைக்குக் குடிபெயர்ந்தார்கள்.

குண்டு வெடித்த நினைவு தினத்துக்கு டீவிக்காரர்கள் வந்தார்கள். குற்றவாளிகளுக்கு என்ன தண்டனை வேண்டும் என்று கேட்டார்கள்.

“செஞ்சவன் செத்துட்டான். முன்னாடியே தெரிஞ்சும் தடுக்காத பெரிய அதிகாரிங்க சொகமா இருக்காங்க. செறையில கெடந்தது பக்கத்து வீட்டு மனுஷன். இன்னும் யாருக்குத் தண்டனை கேக்குறீங்க?”

அதைப் போடவில்லை. அவள் அழுததை மட்டும் இரவுச் செய்தியில் காட்டினார்கள்.