வெறும் அஞ்சு: சித்தூர் ரோட்டு மியூசிக் காலேஜுக்கு ஒரு நாள் பயணம்

பிப்ரவரி 11, புதன்கிழமை, காலை 5:40. நகரி பஸ் ஸ்டாண்டில் திருப்பதி பஸ்ஸுக்கு நின்றவர்கள் என்னையும் சேர்த்து பதினாலு பேர். பத்து பேர் பூ, காய்கறி மூட்டையோடு மார்க்கெட்டுக்கு. மூன்று பேர் மொட்டை போட மலைக்கு. சண்டைக்குப் போகிறவன் நான் ஒருத்தன்தான்.

விஷயம் இது. என் தங்கை தேவகி, திருப்பதிக்கும் சித்தூருக்கும் நடுவில் இருக்கிற ஒரு கிறிஸ்துவ யூனிவர்சிடியில், மியூசிக் பிரிவில், வாய்ப்பாட்டு மூன்றாம் வருஷம். பெயரை எழுதமாட்டேன், அவள் இன்னும் அங்கே படித்தாக வேண்டும். திங்கட்கிழமை மாலை நாலு மணிக்கு பிராக்டிகல் ரிசல்ட் ஒட்டினார்கள். ஃபெயில். காரணம் என்று ஒரே வரி: சுருதி பொருந்தவில்லை. மனு கொடுக்க நாற்பத்தெட்டு மணி நேரம், அதுவும் வீட்டுப் பெரியவர் நேரில் வந்து. அதாவது புதன் மாலை நாலுக்குள். விட்டால் கடைசிக் கச்சேரித் தேர்வுக்கு உட்கார முடியாது, ஒரு வருஷம் போச்சு. நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, அன்றைக்குக் கடலைக்குத் தண்ணி கட்டுகிற முறை. அதனால் நான்.

சுருதி பொருந்தவில்லையாம். எங்கள் ஊர் பஜனை ஆர்மோனியத்தோடு ஒன்பது வயதிலிருந்து பாடுகிறவள் அவள். நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமோ, ரேணிகுண்டாவில் ஒரு பட்டறையில் பிரஷர் கேஜ்களைச் சரிபார்க்கிற வேலை. கேஜ் பொய் சொல்லும், தேவகியின் காது சொல்லாது. இதைச் சொல்லிவிட்டு வரத்தான் கிளம்பினேன்.

இனி வழி. நகரியிலிருந்து திருப்பதி 1 மணி 45 நிமிஷம், 85 ரூபாய். புத்தூரில் பத்து நிமிஷம் டீக்கு நிற்கும், இறங்காதீர்கள், ஸீட் போய்விடும். திருப்பதியில் 7:50க்கு சித்தூர் எக்ஸ்பிரஸ். நீங்கள் இறங்க வேண்டிய கூட்ரோட்டில் எக்ஸ்பிரஸ் நிற்காது என்று கண்டக்டர் சொல்வார். நிற்கும். டிரைவர் பக்கத்தில் போய், காலேஜ் என்று சொல்லாமல், சர்ச்சு என்று தெலுங்கில் சொன்னால் நிறுத்துகிறார். முன்பு வந்தபோது எனக்கு இதைக் கண்டுபிடிக்க இரண்டு தடவை 6 கிலோமீட்டர் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டியிருந்தது, உங்களுக்கு வேண்டாம்.

கூட்ரோட்டிலிருந்து உள்ளே 3.2 கிலோமீட்டர், ஷேர் ஆட்டோ 20 ரூபாய், ஆள் நிறைந்தால்தான் எடுப்பார். அன்றைக்கு நிறையவில்லை, நாற்பது கொடுத்துத் தனியாகப் போனேன். மியூசிக் காலேஜ் என்றதும் ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"பாடுறவன் மாதிரி தெரிலியே நைனா, அடிக்கப் போறவன் மாதிரி கீற."

இரண்டும் இல்லை, மனு கொடுக்கப் போகிறேன் என்றேன். அதற்கு அடிக்கப் போகிறதே மேல், சீக்கிரம் முடியும் என்றார். அவர் சொன்னதை அன்றைக்கு நாலைந்து தடவை நினைத்துக்கொண்டேன்.

9:20க்கு கேட். வாட்ச்மேனிடம் ஆதார் காட்டி நோட்டில் எழுத வேண்டும். வேப்ப மரம் வரிசையாக, நடுவில் சேப்பல், அதன் பின்னால் மியூசிக் பில்டிங். சேர்க்கப் போகிறவர்கள் விளம்பரப் படத்தில் பார்ப்பது இந்த சேப்பலைத்தான். பார்க்க வேண்டியது பின்னால் இருக்கிற பயிற்சி அறைகளை. பன்னிரண்டு அறை. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐம்பது நிமிஷம். கதவில் தொங்குகிற தாளில் முதல் நாளே பெயர் எழுத வேண்டும், அதற்குக் காலை ஐந்தரைக்கே பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். டிபன் பாக்ஸைப் பியானோ மேல் வைத்துத் துன்னுக்கினே தாளம் எண்ணுகிறார்கள். ஒரு பையன் மாடிப்படிக்குக் கீழே துடைப்பக் கட்டுகளுக்கு நடுவில் வயலின் வாசித்துக்கொண்டிருந்தான். எதிரொலி நல்லா இருக்காம் அங்கே. ஆறாம் நம்பர் அறைப் பியானோவின் பெடல் ஒவ்வொரு மிதிக்கும் கீச்சிடுகிறது. ஒரு சொட்டு கிரீஸ் வேலை.

தேவகி ஆறாம் நம்பரில்தான் இருந்தாள். அழுது முடித்த முகம். "நீ யார்கிட்டயும் சத்தம் போடக் கூடாதுணா," என்பதுதான் முதல் வார்த்தை. சரி என்றேன். பிறகு ஆபீஸுக்குப் போய்ச் சத்தம் போட்டேன்.

ஆபீஸ் பத்து மணிக்குத் திறக்கும் என்று போர்டு, திறந்தது 10:35. உள்ளே இருந்த மேடம் சித்தூர்க்காரம்மா, பாதி தமிழ் பாதி தெலுங்கு. எழுத்துத் தேர்வுக்குத்தான் மறுமதிப்பீடு, பிராக்டிகலுக்குக் கிடையாது என்றார். அப்போது மனு எதற்கு என்றேன். மனு கொடுக்கலாம் தம்பி, அதுக்கு ரூல் கீது, அதைப் பார்க்கத்தான் ரூல் இல்லை என்றார். இதைச் சிரிக்காமல் சொன்னார். மனுவோடு என்ன காரணம் என்று ஒரு தாள் வைக்க வேண்டும், தேர்வில் அவளுக்குக் கூடப் பியானோ வாசித்தவரின் கையெழுத்தும் வேண்டும். அவர் எங்கே? மூன்று மணி வரை மாடியில் வேறொரு வகுப்புத் தேர்வுக்கு வாசிக்கிறார். நடுவில் பேசக் கூடாது. நாலு மணிக்கு ஜன்னல் மூடும். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

காத்திருந்த நேரத்தில் தேவகியிடம் நடந்ததைக் கேட்டேன். தேர்வுக்கு முன்னால் ஒவ்வொருவருக்கும் பியானோக்காரரோடு பதினைந்து நிமிஷம் ஒத்திகை உண்டு. இந்தத் தடவை ஒருத்தருக்கும் கிடைக்கவில்லை. ஏன்? வெளியூரிலிருந்து விருந்தினர் வருகிறார், வரவேற்புப் பாட்டுக்கு எல்லா வாத்தியாரையும் பிள்ளைகளையும் நாலு நாள் சேப்பலில் நிற்க வைத்துவிட்டார்கள். அவர் வந்து கை ஆட்டிவிட்டுப் போனது பன்னிரண்டு நிமிஷம். மறுநாள் காலை முப்பத்தொரு பேருக்கு நேராகத் தேர்வு.

தேவகி போய் நின்றாள், வணங்கினாள், பியானோ ஆரம்பித்தது. ரொம்ப உயரத்தில். பேசக் கூடாது, நிறுத்தினால் வராதவர் கணக்கு. "நான் புடிச்சிக்கினு போய்ட்டேன்ணா. மூணாவது வரி மேல போச்சு பாரு, அங்க தொண்ட ஒடஞ்சி போச்சு," என்றாள். விருந்தினருக்காக ஒத்திகையைத் தூக்கியவர்களுக்கு மார்க் போட ஆள் இல்லை, இவளுக்கு மட்டும் ஃபெயில். எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது.

3:05க்கு பிரபுதாஸ் சார் இறங்கி வந்தார். ஒங்கோல் பக்கத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும், வலது மணிக்கட்டில் வலிக்குப் போடுகிற பெல்ட். காலை எட்டிலிருந்து வாசிக்கிறார். மொத்த டிபார்ட்மென்டுக்கும் கூட வாசிக்க இவர் ஒருவர்தான், வகுப்பும் இவரே எடுக்க வேண்டும், ஞாயிறு சேப்பலிலும் இவரே. கையில் டீ வாங்கினவர் இடது கைக்கு மாற்றிக்கொண்டார். ஏன் அவ்வளவு உயரத்தில் வாசித்தீர்கள் என்று நின்றபடியே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. பையிலிருந்து தேவகி பாடின நாளின் தேர்வுப் பட்டியலை எடுத்து அவள் பெயரில் விரலை வைத்தார். பெயருக்கு எதிரில் ஒரே எண். 5.

"அஞ்சு ஷார்ப்னு போட்டிருக்கீங்க. நான் அதான் வாசிச்சேன் பாபு."

தேவகி, "நான் பாடறது அஞ்சு கட்ட சார்," என்றாள்.

தெரியாதவர்களுக்கு: நம்ம பக்கத்தில் ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை எண்ணித்தான் சுருதி சொல்வோம். அஞ்சாவது வெள்ளை, அஞ்சு கட்டை. பெண்கள் நிறையப் பேர் பாடுவது அதில்தான். இங்கிலீஷ் முறையில் ஒரு ஸ்கேலில் எத்தனை ஷார்ப், அதாவது அரை ஸ்வரம் ஏற்றின ஸ்வரம், என்று எண்ணுகிறார்கள். அஞ்சு ஷார்ப் என்றால் அது நம்ம ஏழு கட்டை. இரண்டு வெள்ளைக் கட்டை மேலே. யார் தொண்டையும் உடையும்.

எந்த மடையன் இதை எழுதினது என்று கேட்டேன். தேவகி என்னைப் பார்த்தாள்.

நான்தான். தேர்வுக்குப் பதிகிற ஆன்லைன் ஃபார்மின் லாகின் என் ஃபோன் நம்பரில் இருக்கிறது. ஜனவரியில் ஒரு நாள், பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில், ஒரு கையில் தயிர் சாதத்தோடு ஃபார்மைத் திறந்தேன். கீ என்று ஒரு கட்டம், கீழே 0 முதல் 7 வரை. தேவகிக்கு ஃபோன் போட்டு கீ எவ்ளோ என்றேன். அஞ்சு என்றாள். அஞ்சைத் தொட்டேன். முடிந்தது. பட்டறையில் யாராவது கேஜ் அட்டையில் வெறும் அஞ்சு என்று எழுதினால், அஞ்சு என்னடா, அஞ்சு பாரா, அஞ்சு பி.எஸ்.ஐயா, யூனிட் எழுதத் தெரியாதா என்று அட்டையை முகத்தில் எறிகிறவன் நான். ரிஜெக்ட் சீல் என் மேஜையில்தான் இருக்கிறது.

ஆனால் ஒன்று சொல்கிறேன், சமாளிப்பு இல்லை. ஆந்திராவில், பஜனை மடத்திலும் ஊர்ச் சர்ச்சுகளிலும் பாடிப் பழகின பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, கீ என்று ஒரு கட்டமும் வெறும் எண்களும் வைத்தால், நூற்றில் நூறு பேரும் கட்டையைத்தான் போடுவார்கள். அந்த ஒத்திகை நடந்திருந்தால் முதல் வரியிலேயே தெரிந்திருக்கும். ஒத்திகை என்பதே அதற்குத்தானே.

3:25க்கு டீன் அறை. டீன் அம்மா நிதானமாகக் கேட்டார், இங்கிலீஷில். ஃபார்மை நிரப்பியது யார் என்றார். நான் என்றேன். அப்படியானால் பிழை குடும்பத்துடையது, காலேஜுடையது இல்லை, மனுவுக்கு இடமில்லை என்றார். ஒத்திகையைப் பற்றி ஆரம்பித்தேன். அது நிர்வாக முடிவு என்றார். அப்போதுதான் கதவருகே நின்ற பிரபுதாஸ் சார் பேசினார்.

"மேடம், ரெண்டாவது லைன்லயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு இது இந்தப் பொண்ணு சுருதி இல்லன்னு. கீழ எறக்கியிருக்கலாம். லேட் ஆகுதுன்னு நீங்க வாட்ச் பார்த்துக்கினு இருந்தீங்க. நான் எறக்கல. அதையும் எழுதிக்கோங்க."

தேர்வுக் குழுவில் டீனும் ஒருவர் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மேலதிகாரி முகத்துக்கு நேராக, தன் தப்பைச் சொல்லி இன்னொருவர் தப்பையும் சொல்கிற ஆளை நான் பட்டறையில் கண்டதில்லை.

டீன் ஒரு வழி சொன்னார். நாலரைக்கு மறுபடி பாடலாம். ஆனால் ஃபைலுக்கு ஒரு கடிதம் வேண்டும்: பிழை முழுக்க எங்களுடையது, காலேஜ் தரப்பில் எந்தக் குறையும் இல்லை என்று, என் கையெழுத்தோடு. டைப் செய்து 3:48க்குக் கொண்டுவந்தார்கள். நான் படித்தேன். முழுக்க என்ற வார்த்தையை எடுத்தால் போடுகிறேன் என்றேன். எடுக்க முடியாது என்றார்கள். பிழையில் பாதி என்னுடையது, அதற்கு எத்தனை கையெழுத்து வேண்டுமானாலும் போடுவேன். மீதிப் பாதி சேப்பலில் நாலு நாள் நின்றது. அதை நான் ஏன் வாங்கிக்கொள்ள வேண்டும்? பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

தேவகி அதை எடுத்து என் கையில் வைத்தாள்.

"ரோஷம் உன்துணா. வருஷம் என்து. போடு."

போட்டேன். 3:53.

நாலரைக்குப் பாடினாள். என்னை உள்ளே விடவில்லை. பிரபுதாஸ் சார் பெல்ட்டைக் கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டு உட்கார்ந்தார், கதவு மூடினது. மூன்றாவது வரி வந்தபோது நான் நடைவழியில் நிற்க முடியாமல் படியில் இறங்கிவிட்டேன். அங்கேயும் கேட்டது. உடையவில்லை.

வெள்ளிக்கிழமை ரிசல்ட் ஒட்டினார்கள். பாஸ். எனக்குச் சந்தோஷம் உண்டு, கோபமும் அப்படியே உண்டு. ஒன்று வந்தால் இன்னொன்று போய்விடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தப் பட்டியலில் இன்னும் இரண்டு பிள்ளைகள் ஃபெயில், அவர்கள் வீட்டிலிருந்து நாற்பத்தெட்டு மணி நேரத்தில் ஆள் வரவில்லை. அவர்களுக்கு என்ன எண் போட்டிருந்தார்கள் என்று யாரும் பார்க்கவில்லை.

அங்கே பிள்ளைகளைச் சேர்த்திருக்கிறவர்களுக்கு: மனு என்றால் காலை பத்துக்குள் போய் நில்லுங்கள், சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், கேன்டீன் இரண்டுக்கு மூடிவிடும். திரும்ப கடைசி ஷேர் ஆட்டோ 6:10. தேர்வுப் பட்டியலில் பெயருக்கு எதிரில் இருப்பதை முதல் நாளே உங்கள் பிள்ளையைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். பார்க்க அனுமதி உண்டு, யாரும் சொல்வதில்லை.

இனி நான் செய்யப் போவது:

1. அந்தக் கட்டத்தின் படத்தோடு யூனிவர்சிடிக்குப் பதிவுத் தபால். எண் வேண்டாம், சுருதியின் பெயரை எழுத்தில் கேளுங்கள் என்று. பதில் வராவிட்டால் மாதம் ஒன்று அனுப்புவேன்.

2. ஃபெயிலான அந்த இரண்டு பிள்ளைகளின் வீட்டு நம்பரை தேவகி மூலம் வாங்கி, அவர்கள் போட்டது கட்டையா ஷார்ப்பா என்று கேட்பது. கட்டை என்றால் மூன்று வீடும் சேர்ந்து போவோம்.

3. நான் கையெழுத்துப் போட்ட கடிதத்தின் நகல் கேட்பது. கூடவே, ஒத்திகை நடக்காததைப் பற்றி இரண்டாவது கடிதம் ஒன்றை அதே ஃபைலில் சேர்க்கச் சொல்வது. இதை தேவகியின் கடைசித் தேர்வு முடிந்த மறுநாள் செய்வேன், முன்னால் இல்லை.

4. பிரபுதாஸ் சாருக்கு ஃபோன் செய்து, அவர் சொன்னதற்கு நன்றி சொல்வது. அன்றைக்குக் கத்தினேன், நன்றி சொல்லவில்லை.

5. அடுத்த ஃபார்மை தேவகியே நிரப்புவாள். எனக்கு வருகிற ஓடிபியைப் படித்துச் சொல்வேன், வேறு எதையும் தொடமாட்டேன்.