ஓதத்துக்கு வாக்கப்பட்ட மச்சான்

முள்கரண்டியைக் கையில் எடுத்ததும் எர்லண்ட் ட்ரெவர் முதலில் சன்னலைத்தான் பார்ப்பான். மசித்த டர்னிப்பும் உருளைக்கிழங்கும் தட்டில் ஆவி பறக்கும், ஆறினால் ஆறட்டும். எங்கள் தீவுக்கும் எதிர்த்தீவுக்கும் நடுவில் கடல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்த பிறகுதான் முதல் வாய். "இன்னும் கிழக்கதான் ஓடுது. திரும்பறதுக்குள்ள இன்னொரு கரண்டி போடு, தோரா" என்பான். தோரா அவனுக்குத் தங்கை, எனக்கு மனைவி.

அந்த நீரிணையில் மஞ்சள் இயந்திரம் ஒன்று நங்கூரமிட்டு மிதந்தது. தண்ணீருக்கடியில் அதன் விசிறிகள் சுழன்று மின்சாரம் எடுத்தன. பழுது பார்ப்பவர்களைப் படகில் கொண்டு சேர்ப்பது எர்லண்டின் வேலை. ஓதம் ஏற்றத்திலிருந்து வற்றத்துக்குத் திரும்பும் முன் கடல் சற்று நேரம் அசையாமல் நிற்குமே, அப்போது மட்டும்தான் கிட்டே போக முடியும். அந்த நேரம் நாளுக்கு நாள் தள்ளிப்போகும். அவனுடைய தூக்கமும் கூடவே தள்ளிப்போகும். அடுத்த வருடக் கல்யாணத்துக்கு அழைத்தால், "மோதிரம் மாத்தும்போது இருப்பேன், கேக் வெட்டும்போது இருக்க மாட்டேன்" என்று இன்றே சொல்லிவிடுவான். அப்படியே நடக்கும்.

இங்கேதான் எனக்கு வயிறு எரிந்தது. குன்றின் மேல் நிற்கும் ஊர்க் காற்றாலையைப் பார்த்துக்கொள்பவன் நான். தீவுக்காரர்கள் பங்கு போட்டு வாங்கியது. அதன் வருமானத்தில்தான் எங்கள் மாலைப் பேருந்து ஓடுகிறது. ஆனால் காற்று யாருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது? அது அசையாத நாளில் கடைக்குப் போனால், "என்ன சாண்டி, உன் காத்தாடி இன்னும் எந்திரிக்கலையா?" என்பார்கள். அதே வாயால் மச்சானைப் பார்த்து, "கொடுத்து வச்சவன்யா. நிலா இருக்கிற வரைக்கும் இவன் மிஷின் ஓடும்" என்பார்கள்.

அது மட்டுமா? பெரிய தீவுக்கு மின்சாரம் போகும் கம்பி ஒன்றுதான். அது நிரம்பினால், நிறுத்தச் சொல்லி உத்தரவு எனக்குத்தான் வரும். நல்ல காற்று பிய்த்துக்கொண்டு வீசும்போது, மச்சானின் மின்சாரத்துக்கு வழிவிட்டு என் காற்றாலை கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். இப்படியே போனால் பேருந்தை நிறுத்த வேண்டியதுதான் என்று ஊர்க் கூட்டத்தில் பேச்சு வந்துவிட்டது.

"என் தண்ணி கூப்பிடாமலே வரும், மாப்ளே. உன் ஆளு விருந்துக்குப் போன மருமகன் மாதிரி, கெஞ்சணும்" என்று எர்லண்ட் கண்ணடிப்பான். தோரா விழுந்து விழுந்து சிரிப்பாள். என் வீட்டில் சாப்பாட்டு நேரம்கூட அவனைக் கேட்டுத்தான். "அண்ணே, ஞாயித்துக்கிழமை தண்ணி எப்ப நிக்குது?" என் காற்றைப் பற்றி அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

போன மாதம் இழுவைக் கப்பல் ஒன்று வந்தது. சோதனைக் காலம் முடிந்ததாம், மஞ்சள் இயந்திரத்தை அதற்குச் சொந்தக்காரக் கம்பெனி இழுத்துப் போகிறதாம். மறைப்பானேன், எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. அன்று எர்லண்ட் சன்னலைப் பார்த்தான். தட்டைத் தொடவில்லை.

"சரியா ஓடலையாண்ணே?" என்றாள் தோரா.

"ஓடறதுக்கென்ன? சொன்ன நேரத்துக்கு ஓடுச்சு, சொன்ன நேரத்துக்கு நின்னுச்சு. மேல காசு போட அவங்களுக்கு ஆளில்லையாம். கடல் சும்மா ஓடிக்கிட்டுக் கெடக்கும், வேற என்ன."

இயந்திரம் போன மறுநாள் சரியான காற்று. கம்பியில் இடம் இருந்தது. நிறுத்தச் சொல்லி உத்தரவு வரவில்லை. காற்றாலை முழு வேகத்தில் சுற்றியது. எர்லண்ட் குன்றேறி வந்தான். இத்தனை வருடத்தில் வராதவன். நான் சேர்த்து வைத்திருந்த கிண்டலையெல்லாம் விட்டுவிட்டு, தூணோரம் அவனுக்கு இடம் விட்டேன்.

"இது யாருதுடா, மாப்ளே?"

"நம்ம ஊருதுதான். உனக்கே ஒரு பங்கு இருக்கே, மச்சான்."

"அதான். எவனும் வந்து இழுத்துட்டுப் போக மாட்டான். கொடுத்து வச்சவன்டா நீ."

கீழே கடல் நிற்கும் நேரம். அந்தக் கணக்கு எனக்கே பழகிப்போயிருந்தது. அவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு, அதிர்ந்துகொண்டிருந்த காற்றாலைத் தூணின் மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டான்.