மச்சானோடு பேசாமல் பழனிக்கு நடந்தது

மாலை போட்டவங்க ஒருத்தரை ஒருத்தர் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, உறவு சொல்லியும் கூடாது. எல்லாரும் சாமிதான். எங்க பழனிப் பாதயாத்திரைக் கூட்டத்தில் இந்த வழக்கத்தை ஏற்படுத்தினவர் யாரோ, என்னை மாதிரி வீம்பு பிடிச்சவராத்தான் இருக்கணும்.

என் மச்சானும் நானும் பேசி நாலு வருசம் ஆகியிருந்தது. மச்சான்னா என் வீட்டுக்காரியோட அண்ணன். வில்பட்டியில் நாங்க வீடு கட்டிக் குடிபோன அன்னிக்கு, நம்ம ஆளுதானேங்கிற உரிமையில் அவர் கையில் சாம்பார் வாளியைக் கொடுத்துப் பரிமாறச் சொன்னேன். பொண்ணு குடுத்த வீட்டு ஆளை முதல் பந்தியில் உட்கார வைக்காம வேலைக்காரனாக்கிட்டேனாம். வாளியை இறக்கி வச்சவர் நேரா தன் ஊரு செண்பகனூருக்கு பஸ் ஏறிட்டார். நானும் போய்க் கூப்பிடலை. தப்பு செஞ்சாத்தானே போறதுக்கு!

மாட்டிக்கிட்டது எங்க பிள்ளை. தாய்மாமன் மடியில் உட்கார வச்சுத்தான் காது குத்தணும். அஞ்சு வயசாச்சு, காது மொட்டையாவே கெடக்கு. "எங்கண்ணன் மடி இல்லாம என் பிள்ளை காதுல ஊசி படாது"ன்னு வீட்டுக்காரி கண்டிசனாச் சொல்லிட்டா. அந்த வருசம் தைப்பூசத்துக்கு நான் மாலை போட்டேன். பார்த்தா, அதே கூட்டத்தில் மச்சானும் மாலையோட நிக்கிறார்.

"நடக்குறப்ப பேசிருங்க. நான் பிள்ளையோட பஸ்ஸுல வந்துர்றேன், பழனியிலேயே குத்திருவோம்"னு அவ சொன்னா. என்னமோ கடைக்குப் போய்ப் பால் பாக்கெட் வாங்கிட்டு வரச் சொல்ற மாதிரி.

மலைமேல இருக்கிற எங்க ஊரிலிருந்து நடந்து, ரெண்டாம் நாள் வெள்ளனே, ராத்தங்கின சவரிக்காட்டில் கிளம்பினோம். மலை ஏறினா மூச்சு வாங்கும், இறங்கினா முட்டி கழலும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சது. வெறுங்கால், ஜல்லி பெயர்ந்த ரோடு. ஒரு வளைவில் கீழே பழனி தெரியுது. அடுத்த வளைவிலும் அதே தூரத்தில் அப்படியே நிக்குது. எதிரே வந்த வேன்காரங்க எங்களைப் பார்த்துக் கும்பிட்டாங்க. நான் மனசுக்குள் முருகனைத் திட்டிக்கிட்டு வந்தது அவங்களுக்கு எங்க தெரியும்?

மச்சான் என் பக்கத்திலேயே நடந்தார். பேச்சுக்கும் குறைவில்லை.

"சாமி, ஓரமா வாங்க, பஸ் வருது."

"சாமி, மோர் குடிக்கிறீங்களா?"

என் குதிகாலில் கொப்புளம் உடைஞ்சப்ப, அவரே ரோட்டோரமா உட்கார்ந்து துண்டைக் கிழிச்சுக் கட்டிவிட்டார். "வலிக்குதா சாமி?" "இல்லீங்க சாமி." காது குத்து விசயம் தொண்டை வரைக்கும் வரும். மாலை போட்டுக்கிட்டு உறவு பேசக் கூடாதேன்னு முழுங்கிருவேன். பக்திக்கு இப்படி ஒரு உபயோகம் இருக்குன்னு எனக்கு அதுவரைக்கும் தெரியாது.

பொழுது சாய அடிவாரம் வந்து சேர்ந்தோம். மறுநாள் காலையில் சாமி கும்பிட்டு மாலையைக் கழத்தினோம். அம்புட்டுத்தான், அவர் ஒரு மூலை, நான் ஒரு மூலை. வீட்டுக்காரி பட்டுப்பாவாடை கட்டின பிள்ளையோட வந்து நின்னா. என் மூஞ்சியைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிஞ்சு போச்சு. ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருந்தாக்கூடத் தேவலை. கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "வாடி, ஊருக்குப் போவோம்"னு பிள்ளை கையைப் பிடிச்சா.

"அப்ப எனக்குக் காது குத்தலையாப்பா?"ன்னு பிள்ளை கேட்டுச்சு.

எனக்கு வெக்கமாப் போச்சு. நெசமாவே வெக்கமாப் போச்சு.

"மச்சான்!"னு கத்தினேன். மொட்டை போட உட்கார்ந்திருந்த கூட்டமே திரும்பிப் பார்த்துச்சு. "என் மேலதான் தப்பு மச்சான். பிள்ளைக்கு உங்க மடி வேணும்."

நொண்டிக்கிட்டே வந்தார். முட்டி மடங்கலை, சுவத்தைப் பிடிச்சு மெல்ல மெல்லத் தரையில் உட்கார்ந்தார். பிள்ளையை இழுத்து மடியில் வச்சுக்கிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கோயில் வாசலையே மிதிக்காதவன் மாப்ளே நான். நீங்க எப்படியும் வாயைத் தொறந்துருவீங்கன்னுதான் அம்புட்டு மலையும் இறங்கினேன்."