தப்பாக வந்த இரண்டாவது டிஸ்க்

எட்வின் போய்விட்டான் என்று நம் மணிதான் போனில் சொன்னான். ஷிப்டுக்குக் கிளம்பி ஒரு காலில் செருப்பு மாட்டியிருந்தேன். "திருவொத்தியூர் பஸ் ஸ்டாப்புல குந்திகினு இருந்தானாம்பா. அப்டியே சாஞ்சிட்டான்" என்றான். எனக்கு உடனே எட்வினின் மனைவி பிலோமினா நினைவுதான் வந்தது. அவளுக்கு இனி யார் சோறு ஊட்டுவார்கள்? பவுண்டரியில் எங்களோடு வேலை பார்த்த உங்களுக்கும் முதலில் இதுவே தோன்றியிருக்கும்.

அவனைத் தெரிந்தவர்களுக்கு அவனுடைய 'பொணப் படம்' பைத்தியமும் தெரியும். செத்தவர்கள் எழுந்து வந்து கடிக்கும் அந்த டப்பிங் படங்களுக்கு நாம் வைத்த பெயர் அது. முதல் பாகம் ராயபுரத்தில் ஓடியபோது அவனுக்குக் கல்யாணமான புதிது. பிலோவையும் கூட்டிவந்திருந்தான். பிணம் வரும்போதெல்லாம் அவள் கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு விரலிடுக்கில் பார்த்தாள். "பாக்கவும் பாக்கணும், பயப்படவும் பயப்படணுமா?" என்று அவன் கிண்டல் செய்தான். படத்தின் கடைசியில் ஒரு டாக்டரம்மா மருந்து கண்டுபிடித்து, கடிபட்டுப் பிணமாகிவிட்ட நாய்க்கு ஊசி போடுவாள். நாய் தன் எஜமானை அடையாளம் கண்டு வாலாட்டும். தியேட்டரே விசிலடித்தது.

அதற்குப் பிறகு பிலோவுக்கு மூளைக் காய்ச்சல் வந்தது. உயிர் தங்கியது, ஆள் தங்கவில்லை. கண் திறந்திருக்கும், நடப்பாள், ஊட்டினால் சாப்பிடுவாள். புருஷன் யாரென்று தெரியாது. எட்வின் அவளுக்குத் தலை பின்னக் கற்றுக்கொண்டான். ஷிப்டு முடிந்து வந்ததும் அன்றைக்கு நடந்ததை எல்லாம் அவளிடம் ஒப்பிப்பான். "அவ கேட்டுகினுதான் கீறா. பதில்தான் லேட்டாவும்" என்பான்.

ஆகவே அந்தப் படத்தின் அடுத்த பாகங்களுக்கு அவன் எதற்காக ஓடினான் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இரண்டாம் பாகம் நம் பக்கம் வரவே இல்லை. மூன்றாவதில் அந்த டாக்டரம்மாவையே கடிக்கவிட்டார்கள். நான்காவதில் அவள் புருஷனைக்கூடத் தெரியாமல் வெறித்துக்கொண்டு அலைந்தாள். மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. மோட்டார் சைக்கிளும் துப்பாக்கியுமாக ஓட்டிவிட்டார்கள். இப்படி எடுத்தவர்களை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. "மருந்த இன்னாடா பண்ணீங்கோ?" என்று எட்வின் திரையைப் பார்த்துக் கத்தினான். முன்வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள்.

ஐந்தாம் பாகம் தியேட்டருக்கு முன்னால் திருட்டு விசிடியாக வந்தது. இரண்டு டிஸ்க். எட்வின் வீட்டில் பிலோவை நடுவில் உட்கார வைத்துப் பார்த்தோம். முதல் டிஸ்க் முடியும்போது டாக்டரம்மா சங்கிலியில் கட்டிக் கிடந்தாள். இரண்டாவதைப் போட்டதும் அவள் புருஷனோடு உட்கார்ந்து சிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எட்வின் எழுந்து நின்றுவிட்டான். "பாத்தியா மாமு! மருந்து வேல செஞ்சிட்சி!" என்று என்னைப் பிடித்து உலுக்கினான். பிறகு பிலோவின் காலடியில் உட்கார்ந்து அழுதான். நாங்களும் நம்பினோம். எங்களுக்கும் அது வேண்டியிருந்தது.

அந்த வாரமே அவளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். ரொம்ப நாளாகப் போகாமலிருந்தவன். இனி தேறமாட்டாள் என்று முன்பு சொன்னதையே டாக்டர் மறுபடி சொன்னார்.

படம் தியேட்டருக்கு வந்த அன்று, பெரிய ஹீரோ படத்துக்கு உடைப்பதுபோல வாசலில் பூசணிக்காய் உடைத்துக் கற்பூரம் கொளுத்தினான். "ஈரோ யாருன்னே தெரியல, இதுக்குப் பூசணிக்காயா?" என்று வாட்ச்மேன் திட்டினான். பிலோவையும் கையைப் பிடித்துக் கூட்டிவந்திருந்தான். இடைவேளைக்குப் பிறகு டாக்டரம்மா சங்கிலியோடு அப்படியே கிடந்தாள். அவள் புருஷன் வந்தான், கொஞ்ச நேரம் பார்த்தான், சுட்டான். அவ்வளவுதான்.

நாங்கள் வீட்டில் இரண்டாவதாகப் பார்த்தது, இங்கே வராத இரண்டாம் பாகத்தின் டிஸ்க். அவள் கடிபடுவதற்கு முந்தைய கதை. விசிடி காப்பி போட்டவன் மாற்றி வைத்துவிட்டான் என்று மணி விசாரித்து வந்து சொன்னான். எட்வின் கோபப்படவில்லை. "கத எழுதுறவனுக்குப் பொறும இல்ல மாமு. சுட்டா முடிஞ்சிடும்னு நெனச்சிக்கிறான்" என்றான். ஆறாம் பாகத்துக்குத் தனியாகப் போய்வந்தான். எப்படி இருந்தது என்று கேட்டேன். "இன்னும் கலீஜு" என்றான். பிறகு, "ஏயாவது பாகம் எடுக்குறாங்களாம்" என்றான்.

அடக்கத்தன்று பிலோவைப் பெட்டியருகே நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். அவள் தங்கை குனிந்து, "யாருன்னு தெரியுதாக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பிலோ மெல்லக் கையைத் தூக்கிக் கண்ணைப் பொத்தி விரலிடுக்கில் பார்த்தாள். "அடையாளம் கண்டுகினா!" என்று மணி அலறிவிட்டான். தெருவே அழுதது. முகத்தில் வெயில் அடிக்கிறதே என்று யாரோ நாற்காலியை நிழலுக்கு நகர்த்தினார்கள். கை கீழே இறங்கிவிட்டது. அதன் பிறகு அவள் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அவள் எம்.கே.பி. நகரில் தங்கை வீட்டில் இருக்கிறாள். அங்கே தலை பின்ன யாருக்கும் நேரமில்லை. முடியை ஒட்ட வெட்டிவிட்டார்கள்.

எட்வின் வீட்டைக் காலி செய்தபோது அந்த இரண்டு டிஸ்கையும் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். இரண்டாவதை மட்டும் எப்போதாவது போட்டுப் பார்க்கிறேன். அந்தப் பெண் சிரித்துச் சாப்பிடுகிறாள். அவளுக்கு இனி என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். எட்வின் நம்பியதில் ஒரு துளிகூட என்னிடம் இல்லை. அவன் நம்பிய டிஸ்க் மட்டும் இருக்கிறது.