பௌர்ணமிக்கு ஊரில் இல்லாத வேதா

திருவண்ணாமலையில் சொந்த வீடு வைத்திருப்பவர்களுக்குச் சொந்தக்காரர்கள் குறைவதே இல்லை. வேதாவின் வீட்டிலிருந்து கிரிவலப் பாதைக்கு ஏழு நிமிட நடை. கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்து இருபத்து மூன்று வருடங்கள் ஆகின்றன. ஒரு பௌர்ணமிகூட வீடு காலியாக இருந்ததில்லை. வருவார்கள், குளிப்பார்கள், சாப்பிடுவார்கள், பதினாலு கிலோமீட்டர் நடப்பார்கள், திரும்பி வந்து கால் வலிக்கு வெந்நீர் கேட்பார்கள், தூங்கி எழுந்து இட்லி சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறுவார்கள். புண்ணியம் அவர்களுக்கு, பாத்திரம் வேதாவுக்கு என்று ஏற்பாடு.

இவர்களுக்கெல்லாம் தலைமை, கணவனின் அக்கா ஆராயி. கீழ்பென்னாத்தூர்க்காரி. கிரிவலம் முடித்துப் பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் அவள் தன் வீட்டுப் பாயிலேயே படுக்கலாம். ஆனால் ராத்திரி தங்கினால்தான் கிரிவலம் பூர்த்தியாகும் என்று யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். யார் சொன்னது என்று இன்றுவரை தெரியவில்லை. தெரிந்தால் வேதா நேரில் போய்ப் பார்ப்பாள்.

போன கார்த்திகைத் தீபத்துக்கு முப்பத்தொரு பேர். மறுநாள் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்த வேதா ஆறு தடவை காபி போட்டாள். ஏழாவது தடவையாகத் தனக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று பார்த்தபோது பால் தீர்ந்திருந்தது. காலிப் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அழுகை வந்துவிட்டது. நாற்பத்தேழு வயதில் பாலுக்காக அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

அன்று சாயங்காலம் கணவன் இராமலிங்கத்திடம் சொன்னாள். "அடுத்த பௌர்ணமிக்கு நான் ஊர்ல இருக்க மாட்டேங்க. எங்கனா கூட்டிக்கினு போங்க. காலையில எழுந்தா வேற யாராவது ஒரு காபி போட்டு, சூடா என் கையில குடுக்கணும். எனக்கு அது போதும்."

இராமலிங்கம் நல்ல மனுஷர்தான். ஆனால் ஒரு அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். மேலதிகாரிகள் முகாம் போகும்போது பயண நிரல் தயாரித்துக் கொடுப்பது அவர் வேலை. இருபது வருடமாக யார் யாரையோ எங்கெங்கோ நிமிஷக் கணக்கில் அனுப்பி வைத்தவர். அவர் மட்டும் வேலூரைத் தாண்டியதில்லை.

சென்னையில் வேலை பார்க்கும் மகள் கவியா, ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்துக்குள் இருக்கும் ஹோம்ஸ்டேயைப் போனிலேயே பார்த்து, போனிலேயே பதிவு செய்துவிட்டாள். நாலு நிமிடம் ஆயிற்று. பிறகு இராமலிங்கம் திட்டமிட ஆரம்பித்தார். மூன்று வாரம் ஆயிற்று. 'காலை 5.10 துயில் எழுதல், 5.25 பல் துலக்குதல், 9.40 அரூர் பஸ் நிலையம், தேநீர், பத்து நிமிடம்' என்று நிரல் நாலு பக்கம் வந்தது. ஒவ்வொரு வரிக்கும் எதிரே 'நிறைவேற்றப்பட்டது' என்று குறிக்க ஒரு கட்டம். வேதாவின் காபிக்கு மட்டும் கட்டம் இல்லை. அவள் கேட்டபோது, அதெல்லாம் தானாக வரும் என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். நிரலை அப்படியே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, 'தங்கள் தகவலுக்காகவும் தக்க நடவடிக்கைக்காகவும்' என்று கீழே எழுதினார். ஆராயி தக்க நடவடிக்கை எடுத்தாள். ஐந்தே நிமிடத்தில் போன் வந்தது.

"அதுக்கு இன்னா தம்பி, நல்லபடியா போயிட்டு வாங்க. சாவிய மட்டும் பக்கத்து வூட்ல குடுத்துட்டுப் போங்க. வேதாவ மாவு கொஞ்சம் ஜாஸ்தியா அரைச்சு வெக்கச் சொல்லு. பசங்க தோசை கேக்கும்."

ஆக, கிளம்புவதற்கு முந்தின நாள் வேதா நாலு படி அரிசிக்கு மாவு அரைத்தாள். ஓய்வெடுக்கப் போகிறவள், தான் இல்லாத வீட்டில் சாப்பிடப் போகிறவர்களுக்காகச் சட்னிக்குத் தேங்காயும் உடைத்து வைத்தாள். கோபம் வந்தது. யார் மேல் என்று சரியாகத் தெரியாததால் கிரைண்டர் மேல் காட்டினாள்.

பெட்டி கட்டும் பொறுப்பு இராமலிங்கத்துக்கு. ஸ்வெட்டர் வாங்கிக்கொள்ளச் சொல்லி கவியா இரண்டு தடவை போன் செய்தாள்.

"பொறந்ததுலேர்ந்து மலை அடிவாரத்துலதான் இருக்கிறோம். மலையப் பத்தி சென்னையில இருக்கறவ எனக்குச் சொல்றா," என்று சிரித்தார் இராமலிங்கம். மலை என்றால் பாறை, பாறை என்றால் சூடு. சித்திரை மாதம் நம்மூர் மலை வாங்குகிற வெயிலை ராத்திரி பத்து மணிவரை ஊர்மேல் திருப்பி விடுவதை அனுபவித்தவர் அவர். உலகத்தில் இருக்கிற மற்ற மலைகளும் அதே ஒழுங்கில்தான் நடந்துகொள்ளும் என்று அவருக்குச் சந்தேகமே இல்லை. ஆகவே பெட்டிக்குள் கைவிசிறி இரண்டு, குளுக்கோஸ் பாக்கெட் மூன்று, எலுமிச்சம்பழம் பத்து, ஈரத்துணிக்கென்று ஈரிழைத் துண்டு நாலு போயின. மார்கழி மாதத்தில், ஏற்காட்டுக்கு.

சேலத்தில் இறங்கி வேறு பஸ் மாறி, இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே ஏறினார்கள். எடுத்து வந்ததில் உதவியது அது ஒன்றுதான். ஹோம்ஸ்டேக்காரி அருணாதேவி வாசலுக்கே வந்து வரவேற்றாள். வேதாவைவிட ரெண்டு மூன்று வயது சின்னவள். பின்னால் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருந்தது. அதன் நிழலில் செடிகளில் சிவந்திருந்த காபிப் பழத்தை ஆட்கள் பறித்துக்கொண்டிருந்தார்கள்.

இராமலிங்கம் நாலு பக்கமும் கழுத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மலை எங்கம்மா?" என்றார்.

"மேலதாங்க நின்னுட்டு இருக்கீங்க," என்றாள் அருணாதேவி.

அவருக்குத் திருப்தி இல்லை. எந்தத் தெருவில் நின்றாலும் தலைக்கு மேல் தெரிய வேண்டிய மலை, ஏறி வந்த பிறகு காணாமல் போவது அவருக்கு ஏமாற்று வேலையாகப் பட்டது. சுற்றி வர எத்தனை கிலோமீட்டர் என்றும் கேட்டார். யாரும் சுற்றுவதில்லை என்று அவள் சொன்னதும், இப்படியும் ஒரு மலை வைத்திருக்கிறார்களே என்று பரிதாபப்பட்டார்.

சாப்பிடும் அறையில் ஒரு போர்டு தொங்கியது. வரும் நேரம் பகல் பன்னிரண்டு. காலி செய்யும் நேரம் பதினொன்று. எத்தனை பேர் என்பதை முன்னதாகச் சொல்லவும். காலைக் காபி ஆறரை முதல் ஏழரை வரை. சமையலறை இரவு ஒன்பது மணிக்கு மூடப்படும். வேதா அதை ஒருமுறை படித்தாள், நம்பாமல் இன்னொரு முறை படித்தாள்.

அன்று ராத்திரி ஒன்பது அடித்துப் பத்து நிமிடம் இருக்கும். பக்கத்து அறையில் தங்கியிருந்தவர் வந்து ரெண்டு ஆம்லெட் கிடைக்குமா என்று கேட்டார். அருணாதேவி முகத்தில் சிரிப்பு மாறாமல், "காலையில போட்டுக் குடுத்தர்றங்க," என்று சொல்லிக்கொண்டே சமையலறை விளக்கை அணைத்தாள். இப்போது ஒரு சண்டை நடக்கும் என்று வேதா காத்திருந்தாள். அந்த மனிதர், "சாரி மேடம்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். விருந்தாளி மன்னிப்புக் கேட்டதை வேதா தன் வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தாள்.

குளிர் ராத்திரியில் தன் வேலையைக் காட்டியது. நாலு ஈரிழைத் துண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்திக்கொண்டு, கைவிசிறியைக் காலடியில் எறிந்துவிட்டு இராமலிங்கம் பல்லால் தந்தி அடித்தார். வேதா போய்க் கேட்டுக் கம்பளி வாங்கி வந்தாள். 'இரவு ஓய்வு' என்ற வரிக்கு எதிரே இருந்த கட்டத்தை அவர் நிரப்பவில்லை.

விடிந்தால் பௌர்ணமி. வேதா அந்தக் காபிக்காகத்தான் இத்தனை வளைவு ஏறி வந்திருந்தாள். நிரலில் '6.30 சூரிய உதயம் காணல்' என்று இருந்தது. நடுங்கிக்கொண்டே ரெண்டு கிலோமீட்டர் நடந்து மேட்டில் ஏறி நின்றார்கள். மூடுபனியில் பக்கத்தில் நின்ற கணவனே மங்கலாகத்தான் தெரிந்தார். சூரியன் எங்கேயோ உதித்திருக்கும் என்று ஒரு மனதாக முடிவுசெய்து திரும்பி வந்தபோது மணி ஏழு ஐம்பது. காபி முடிந்துவிட்டது.

"டிபனோட வரும்ங்க்கா, எட்டரைக்கு," என்றாள் அருணாதேவி.

எட்டரைக்கு வந்தது. அந்தத் தோட்டத்திலேயே விளைந்த கொட்டை, டம்ளர் நிறைய, நுரையோடு. வேதா ரெண்டு கையாலும் டம்ளரைப் பிடித்தாள். அந்தச் சூடு உள்ளங்கையில் ஏறவும் போன் அடிக்கவும் சரியாக இருந்தது. ஆராயி. உள்ளே சரியாகக் கேட்கவில்லை. காபிப் பழம் காயப்போடும் களத்தின் ஒரு மூலையில்தான் சிக்னல் கிடைத்தது.

"கேஸு தீந்துடுச்சு வேதா. மாத்துறதுக்கு எங்க யாருக்கும் தெரியல. புளி எங்க வெச்சிக்கிற? அந்தப் பெரிய குண்டான் எங்க?"

களத்து மூலையில் நின்று சிலிண்டர் மாற்றப் பாடம் எடுத்தாள். எந்தப் பக்கம் திருக வேண்டும் என்பதை மூன்று தடவை சொன்னாள். புளி இருந்த டப்பாவைச் சொன்னாள். குண்டானைச் சொன்னாள். கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தால் டம்ளர் காலி.

"ஆறிப்போயிடுமேன்னு நானே குடிச்சிட்டேன்," என்றார் இராமலிங்கம். நல்லெண்ணம் முகத்தில் வழிந்தது. 'சிற்றுண்டி' கட்டத்தில் 'நிறைவேற்றப்பட்டது' என்று குறித்துக்கொண்டிருந்தார்.

வேதா காலி டம்ளரைத் தள்ளி வைத்தாள். பேசினால் அழுதுவிடுவாள். தட்டு எடுக்க வந்த அருணாதேவி, இவர்கள் ஊரைக் கேட்டதும் முகம் மலர்ந்தாள். கிரிவலம் வர வேண்டும் என்று பத்து வருட ஆசை, பௌர்ணமிக்கு எந்த லாட்ஜிலும் இடம் கிடைப்பதில்லை என்றாள்.

"லாட்ஜு எதுக்கும்மா? நம்ம வூடு இருக்குது. எத்தன பேர்னாலும் வாங்க!" இராமலிங்கம் வேதாவின் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"எத்தன மணிக்குங்க செக்-இன்?" தொழில் பழக்கத்தில் கேட்டுவிட்டாள் அருணாதேவி.

"நம்ம வூட்ல அதெல்லாம் கிடையாது. எப்ப வேணும்னாலும் வரலாம்!"

அருணாதேவி ஒரு கணம் வேதாவைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏங்க்கா, உங்க வீட்ல போர்டு இல்லீங்களா?" என்றாள். "நானும் அப்படித்தான் இருந்தனுங்க. கோடை வந்தா எங்க வீட்டுக்காரரு பக்கத்து ஆளுங்க இருவது பேரு, ஒரு மாசம் இங்கதான். ஹோம்ஸ்டேன்னு போர்டு மாட்டுன பின்னாடி சொல்லிட்டுத்தான் வர்றாங்க. வந்தா தட்டையும் கழுவி வெக்கிறாங்க."

வேதா எழுந்து போய் அந்தப் போர்டைப் போனில் படம் எடுத்தாள். ஏற்காட்டில் அவள் எடுத்த ஒரே படம் அதுதான்.

ஊர் திரும்பியபோது கழுவாத பாத்திரம் தொட்டி நிறைய வரவேற்றது. மூன்று வாரம் வேதா போர்டைப் பற்றிப் பேசவே இல்லை. தைப் பௌர்ணமிக்கு நாலு நாள் இருக்கும்போது, கணவன் முன்னால் போனை நீட்டினாள். "உங்க கையெழுத்து நல்லா இருக்கும். இந்த மாதிரி ஒண்ணு எழுதிக் குடுங்க. கடைசி விதி மட்டும் நான் சொல்றேன்."

எதற்கு என்று கேட்க வாயெடுத்தவர், விதிகள் என்றதும் மயங்கிவிட்டார். வரிசை எண் போட்டு, சிவப்பில் அடிக்கோடு இழுத்து, ஓரத்தில் கட்டமும் வரைந்து, அலுவலகத்தில்கூட இவ்வளவு சுத்தமாக எழுதியதில்லை. என்ன எழுதினோம் என்பது அவருக்குப் பௌர்ணமி அன்று காலை ஆறேகாலுக்குத்தான் புரிந்தது. ஏழு பேரோடு ஆராயி வாசலில் நின்று, கேட்டில் தொங்கிய போர்டை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா தம்பி இது? நான் லாட்ஜுக்கா வந்துக்கிறேன்?"

இராமலிங்கம் உள்ளே திரும்பிப் பார்த்தார். வேதா கட்டிலில் இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். விழித்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. இருபத்து மூன்று வருடத்தில் நாத்தனார் வந்தபோது அவள் படுத்திருந்தது இதுதான் முதல் தடவை. எழுந்து சமையலறைக்கு ஓடிவிடலாமா என்றுகூட இருந்தது. போர்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"கதவு தொறந்துதான் இருக்குது அண்ணி, உள்ள வாங்க," என்று படுத்தபடியே குரல் கொடுத்தாள். "மத்ததெல்லாம் அடுத்த மாசத்துலேர்ந்து பாத்துக்கலாம். கடைசி விதிய மட்டும் படிங்க."

வாசலிலிருந்து ஆராயியின் குரல் ஒவ்வொரு சொல்லாக வந்தது. "காலையில்... முதலில் வருபவர்... காபி போட வேண்டும். வீட்டுக்காரம்மாவுக்கும்... சேர்த்து."

செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. ஆராயி விறுவிறுவென்று நடந்து கட்டிலைத் தாண்டி, சமையலறைக்குள் போய் ஒரு பாத்திரத்தை வேண்டுமென்றே ஓங்கி வைத்தாள். "சக்கரை எங்க வெச்சிக்கிற?"

"ரெண்டாவது தட்டுல, நீல டப்பா அண்ணி."

பத்து நிமிடம் கழித்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு டம்ளரோடு வந்தாள். நடுவில் இராமலிங்கம் கையை நீட்டினார். "உனுக்கு இல்ல," என்று அவரைத் தாண்டி வந்து வேதாவின் கையில் கொடுத்தாள்.

பால் கம்மி, சர்க்கரை ஜாஸ்தி. தூள் சரியாக இறங்கவே இல்லை. வேதா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, கடைசிச் சொட்டுவரை சூடாகவே குடித்து முடித்தாள்.