பாட்டுச் சேர்க்காத டிவிடி

கம்ப்யூட்டரில் எனக்குத் தெரிந்தது ஒரே வேலைதான். டிவிடியில் இருக்கும் படத்தை எடுத்து, போனிலும் பென் டிரைவிலும் ஓடுகிற ஃபைலாக மாற்றுவேன். மெயில் அனுப்பத் தெரியாது, பஸ்ஸுக்கு டிக்கெட் போடத் தெரியாது. ஆனால் இந்த ஒரு வேலையைச் சுத்தமாகச் செய்வேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இங்கிலீஷ் எழுத்தைப் படமாகத்தான் பார்ப்பேன். எந்தக் கட்டத்தை அமுக்க வேண்டும், அமுக்கினால் என்ன நிறம் வரும் என்று ஒரு கோடு போட்ட நோட்டில் வரைந்து வைத்திருக்கிறேன். இப்போது அந்த நோட்டைத் திறப்பதுகூட இல்லை.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகன், புதிது வாங்கியதும் பழைய கம்ப்யூட்டரை எங்கள் ஊரான போடிக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். அதே சமயம் எங்கள் வீட்டு டிவிடி பிளேயர் மூச்சை நிறுத்திக்கொண்டது. அதைச் சரிசெய்ய ஊரில் ஆளில்லை. மகன் இரண்டு நாள் போனில் சொல்லிக்கொடுத்தான், மூன்றாம் நாள் நானே செய்துவிட்டேன். கடையில் போய் ஓர் ஆளிடம் ஒன்றைக் கேட்பதென்றால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கம்ப்யூட்டரும் கேள்வி கேட்கத்தான் செய்கிறது. ஆனால் முகத்தைப் பார்த்துக் கேட்பதில்லை, பதில் வரும்வரை பொறுமையாக நிற்கிறது. அதனால் எனக்கும் அதற்கும் ஒத்துப்போனது.

உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து ஒரே வேலையைப் பார்ப்பது எனக்குப் புதிதல்ல. கண் மங்கும்வரை ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கியவள் நான். பச்சை ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம். யோசிப்பதற்குள் கை தள்ளியிருக்கும்.

என் தங்கை சிலமலையில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் இறந்து வருஷ திதி கொடுத்த மறுவாரம், ஒரு மஞ்சள் பையோடு வந்தாள். உள்ளே மூன்று டிவிடி. மகளின் சடங்கு, மகளின் கல்யாணம், வீடு பால் காய்ச்சியது. ஒவ்வொன்றையும் பழைய சேலைத் துணியில் சுற்றி வைத்திருந்தாள்.

“இதையெல்லாம் போன்ல பாக்குற மாதிரி மாத்திக் குடுக்கா.”

“வெரசா வேணுமா?”

“ஆமாக்கா. பாக்குறதுக்குப் போட்டோ இருக்கு. எனக்கு அவுக கொரலக் கேக்கணும். ராவும் பகலும் நெனச்சுப் பாக்குறேன், மூஞ்சி வருது, கொரல் வரமாட்டேங்குது.”

அவர் கையில் கடைசிவரை பட்டன் போன்தான். அதில் குரல் எதுவும் தங்கவில்லை.

என் வீட்டுக்காரர் மலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பை ஓட்டி ஓய்ந்தவர். வீட்டில் இருக்கும்போது அவருடைய வாய் ஓய்வதில்லை.

“எஞ் சகலை கொரலா? ரோட்டுல அவர் பேசுனா மலையில போற ஜீப்பு நிக்கும். அதக் கேக்கவா இம்புட்டுத் தூரம் வந்த?”

“நீங்க சும்மா இருங்க மச்சான். கத்துனாலும் பரவால்ல, கேக்கணும்.”

மூன்றையும் மாற்றினேன். ஒரு டிவிடிக்குள் படம் நாலைந்து துண்டாக இருக்கும். முதலில் அந்தத் துண்டுகளைக் கம்ப்யூட்டருக்குள் நகல் எடுக்க வேண்டும். பிறகு மாற்றுகிற புரோகிராமில் போட்டுவிட்டால் பச்சைக் கோடு மெல்ல நகரும். உலை வைத்து, சோறு வடித்து, குழம்பும் வைத்துவிட்டு வந்தால் ஒன்று முடிந்திருக்கும். சாயங்காலம் தங்கையை எதிரில் உட்காரவைத்துப் போட்டுக் காட்டினேன்.

படம் பளிச்சென்று வந்தது. அவரும் வந்தார். வாசலில் நின்று கும்பிட்டு ஆட்களைக் கூப்பிட்டார். வாய் அசைந்தது. கேட்டது பாட்டு. பந்தியில் குனிந்து யாரிடமோ ஏதோ சொன்னார். அதற்கும் பாட்டு. மகளுக்கு மாலை போடும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினார். அதற்கு ஒரு சோகப் பாட்டு. மூன்று டிவிடியிலும் ஆரம்பம் முதல் கடைசிவரை ஸ்டூடியோக்காரர் பாட்டாகவே நிரப்பிவைத்திருந்தார். நம் பக்கத்தில் விசேஷ வீட்டு வீடியோ என்றால் அப்படித்தான். பாட்டு குறைந்தால் ஸ்டூடியோக்காரரிடம் சண்டைக்குப் போவோம்.

ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்கும் இடைவெளியிலாவது ஒரு வார்த்தை சிக்குமா என்று இழுத்து இழுத்துப் பார்த்தேன். மேளச் சத்தம் ஒரு தட்டு, அவ்வளவுதான்.

தங்கை அழவில்லை. “சரிக்கா, போடி பஸ்ஸு போயிரும்” என்றாள். அவள் இருக்கும் ஊர் சிலமலை, அவள் நின்றுகொண்டிருந்தது போடி. அதுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

மறுநாள் நான் ஒரு காரியம் செய்தேன். அந்த ஸ்டூடியோவைத் தேடித் தனியாகப் போனேன். இப்போது அங்கே போனுக்கு உறை விற்கிறார்கள். ஆள் அதே ஆள்தான். இரண்டு பேர் வாங்கிவிட்டுப் போகும்வரை ஓரமாக நின்றேன். மூன்றாவது ஆள் வருவதற்குள் வாயைத் திறந்துவிட்டேன்.

“சிலமலையில எந் தங்கச்சி வீட்டு வீடியோ, பாட்டு இல்லாம எடுத்தது இருக்குமாய்யா?”

“அதெல்லாம் அப்பவே அழிச்சாச்சு ஆத்தா. ஆனா பாட்டுச் சேக்குறதுக்கு முன்னாடி, எத வெட்டணும்னு பாத்துச் சொல்லச் சொல்லி ஒரு டிவிடி குடுப்பேன். அந்தச் சடங்கு வீட்டுக்கும் குடுத்தேனே. திருப்பி வாங்கல.”

அவர் சொன்னதும் ஞாபகம் வந்துவிட்டது. அந்த டிவிடியை எல்லோரும் கூடி உட்கார்ந்து பார்த்தோம். பாத்திரம் உருட்டும் சத்தம், பிள்ளைகள் கத்தல், நாலு பேர் ஒரே நேரத்தில் பேச்சு. “பாட்டில்லாம இது என்ன சந்தக்கட ஏலமா?” என்று சிரித்தோம். அப்படிச் சொன்னதில் நானும் ஒருத்தி.

தெருவில் நின்றபடியே தங்கைக்குப் போன் போட்டேன். அந்தத் தட்டு எங்கே என்று கேட்டேன்.

“அது இருந்துச்சுக்கா. பாட்டில்லாதது, ஒன்னுக்கும் ஆகாதுன்னு காட்டுல கட்டிட்டேன்.”

“எதுக்குக் கட்டுன?”

“கிளிக்கு.”

சோளக்காட்டில் கிளி இறங்காமல் இருக்கப் பழைய சிடி, டிவிடிகளை நூலில் கோத்துக் கம்பில் தொங்கவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். காற்றில் சுழன்று வெயிலைக் கண்ணில் அடிக்கும். பாட்டு நிறைந்ததைச் சேலைத் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்தவள், அவர் பேச்சு இருந்ததைக் கிளி விரட்டக் கட்டியிருக்கிறாள்.

அடுத்த பஸ்ஸில் சிலமலைக்குப் போனேன். தங்கை ரோட்டோரத்திலேயே நின்றிருந்தாள். காட்டில் வரப்பைச் சுற்றி ஒன்பது டிவிடித் தட்டுகள் தொங்கின. மேலே எழுதியிருந்த மை மழையில் கரைந்து எதிலும் ஓர் எழுத்து இல்லை.

“எதுன்னு எப்படிக்கா கண்டுபிடிக்கிறது? நாசமாப் போச்சு, எல்லாம் என்னாலதான்.”

“எழுத்து எதுக்கு? கொண்டா இங்க” என்றேன்.

ஒன்பதையும் அவிழ்த்துத் துண்டில் பரப்பினோம். கடையில் அச்சடித்து விற்கும் சினிமாத் தட்டின் அடிப்பக்கம் வெள்ளியாக இருக்கும். வீட்டிலும் ஸ்டூடியோவிலும் பதிந்தது கத்தரிப்பூ நிறமாக இருக்கும். வெள்ளி ஆறு. அவற்றைத் தள்ளினேன். மிச்சம் மூன்றில் ஒன்று பாதியாகப் பிளந்திருந்தது. மூன்றையும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துச் சாய்த்துப் பார்த்தேன். பதிந்த இடம் நடுவிலிருந்து வளையமாகக் கொஞ்சம் அழுத்தமாகத் தெரியும். பிளந்ததில் அந்த வளையம் ஒரு விரல் அகலம்தான். நாலு பாட்டுப் பதிந்திருப்பார்கள். இரண்டாவதிலும் பாதிதான். மூன்றாவதில் விளிம்புவரை அழுத்தமாக இருந்தது. சடங்கு வீட்டில் விடியலிலிருந்து சாயங்காலம்வரை வெட்டாமல் எடுத்தது தட்டு நிறையத்தான் இருக்க வேண்டும்.

“இதுதான்” என்றேன்.

“நெசமாவா?”

“வெளுத்த காயும் பச்சக் காயும் எனக்குத் தெரியாதா?”

அது வேப்பமரத்தடியில் தொங்கியது என்றாள். பதிந்ததை அழிக்கும் அளவுக்கு வெயில் பட்டிருக்காது. ஆனால் காற்றில் கம்பில் மோதி மோதி ஓரமெல்லாம் கீறல்.

தங்கையையும் கூட்டிக்கொண்டே போடிக்கு வந்தேன். தட்டைச் சோப்புத் தண்ணீரில் விரல் நுனியால் கழுவினேன். பழைய வேட்டித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோடாகத் துடைத்தேன். வட்டமாகத் துடைக்கக் கூடாது. படம் பதிந்திருப்பதும் வட்டமாகத்தான், கீறலும் அதே வழியில் விழுந்தால் மெஷினால் படிக்க முடியாது.

“கிளிய வெரட்டுனது இனி படம் காட்டப்போகுதாக்கும்” என்றார் என் வீட்டுக்காரர்.

“காட்டும்” என்றேன். பொதுவாக அவருக்குப் பதில் சொல்லமாட்டேன். அன்று சொன்னேன்.

உள்ளே தள்ளியதும் மெஷின் கரகரவென்று இழுத்தது. நின்றது. மறுபடி இழுத்தது. மொத்தமாக நகல் எடுத்தால் கெட்ட இடம் வந்ததும் எல்லாமே நின்றுபோகும். அதனால் துண்டு துண்டாக எடுத்தேன். மெஷின் நடுவிலிருந்துதான் படிக்கத் தொடங்கும், கீறல் விளிம்பில்தான் அதிகம், ஆகவே முதல் துண்டு வரும் என்று எனக்கு நிச்சயம். வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவது பாதியில் நின்றுவிட்டது. வெளியே எடுத்து, ஆறவைத்து, திரும்பத் துடைத்துப் போட்டேன். நகரவில்லை. கடைசித் துண்டை மெஷின் தொடவே இல்லை.

“போனது போகட்டும், வந்ததப் பாப்போம்” என்று முதல் துண்டை மாற்றிப் போட்டேன்.

விடியற்காலை வீடு. ஆட்கள் இன்னும் வரவில்லை. யாரோ வாளியை இழுத்தார்கள், யாரோ இருமினார்கள். கேமரா தடுமாறிக்கொண்டு உள்ளே போனது. அவர் துண்டைத் தோளில் போட்டபடி அறையிலிருந்து வெளியே வந்தார்.

“தம்பி, லைட்ட எம் மூஞ்சிக்கு நேரா அடிக்காதப்பா, பொண்ணுக்கா எனக்கா சடங்கு?”

தங்கை என் கையைப் பிடித்தாள். பிடித்த இடம் வலித்தது.

பிறகு அவர் என்னைப் பார்த்துவிட்டார். படத்தில் நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் முக்கால்வாசி மறைந்து நிற்கிறேன். “மதினி, கதவு தானா நிக்கும், நீங்க புடிக்க வேணாம். வெளிய வாங்க!” என்றார். எங்களுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் சத்தமாகச் சிரித்தார். எனக்கு இந்த வயதிலும் கூச்சமாக இருந்தது.

அப்புறம் அவர் பீரோவைத் திறக்கப் பார்த்தார். பூட்டியிருந்தது. திரும்பி, எங்களை நேராகப் பார்ப்பதுபோல் நின்று கேட்டார்.

“இந்தா, பீரோ சாவிய எங்க வச்ச?”

“அரிசிப் பானைக்குள்ள” என்றாள் தங்கை.

கம்ப்யூட்டரைப் பார்த்துத்தான் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

“சகலைக்குச் சாவி கெடச்சுச்சா?” என்று கேட்டார் என் வீட்டுக்காரர். ஆனால் அவர் குரலும் பழையபடி இல்லை.

“திருப்பிப் போடுக்கா.”

போட்டேன். அவர் கேட்டார். இவள் அதே பதிலைச் சொன்னாள். எத்தனை தடவை போட்டேன் என்று நான் எண்ணவில்லை.

அந்த இடத்தை மட்டும் தனியாக வெட்டி அவள் போனில் ஏற்றிக் கொடுத்தேன். ஃபைலுக்குப் பேர் வைக்கச் சொல்லி மெஷின் கேட்டது. தமிழில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி ‘சாவி எங்க’ என்று அடித்தேன்.

போகும்போது சேலைத் துணியில் சுற்றிய மூன்று டிவிடிகளையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். படத்தைத்தான் மாற்றியாகிவிட்டதே, தட்டு எதற்கு என்றேன்.

“காட்டுல கம்பெல்லாம் சும்மா நிக்குதுல்ல” என்றாள். “பாட்டுள்ளதயும் கிளி பாக்கட்டும்.”